அடுப்பில் வற்றிய ஓடை

1

இந்தக் கதை ஒரு லிஃப்டுக்குள் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே நானும், ஒரு பை வெங்காயமும். ஆபத்து மணியை ஒரு தடவை அமுக்கியிருந்தால் போதும். நான் விடாமல் அமுக்கினேன். போதாக்குறைக்கு, லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டு, மூச்சு முட்டுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு பாட்டம் புலம்பினேன். நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்லாமல் எனக்குப் பேச வராது, தொழில் அப்படி.

மனிதர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். மேலே இயந்திர அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டார். நான் வெளியே வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

இருந்தேனா? அப்போது லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொள்வதாக ஒரு கதை எழுதும் யோசனை எனக்கு இருந்தது. (அந்தக் கதை எழுதப்படவே இல்லை. தேட வேண்டாம்.) கயிறு அறுந்தால் என்ன ஆகும், விழும்போது உள்ளேயே எம்பிக் குதித்தால் தப்பலாமா, இதுவரை அவர் மீட்டவர்களில் அதிகமாக அழுதது யார் என்று ஒன்று விடாமல் கேட்டேன். வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது சார் என்று அவர் நெளிந்தார். இதோ, ஒரே ஒரு கேள்வி என்றேன். என் ஒரே ஒரு கேள்விகள் எத்தனை நீளம் என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும். அவர் மரியாதை தெரிந்தவர். நின்று பதில் சொன்னார்.

பல மாதங்கள் கழித்து, அதே லிஃப்டுக்கு எண்ணெய் போட வந்த ஒரு நாளில்தான், அன்றைக்கு அவர் வீட்டு அடுப்பில் என்ன இருந்தது என்பதைச் சொன்னார். முழுக்கச் சொல்லிவிட்டு, "நீங்க கதை எழுதுறவர். இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க சார்" என்றார்.

முடிவு கேட்டு வந்தவருக்கு அதைச் சொல்லாமல், நான் பாட்டுக்கு ஆரம்பத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

கதை ஒரு காட்டில் தொடங்கியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். நான் காட்டுக்குப் போனதில்லை. (பூங்காவுக்குப் போயிருக்கிறேன். அங்கேயும் பெஞ்சோடு சரி.) ஆனாலும் எழுதிப் பார்த்தேன்:

பச்சைப் பட்டுடுத்தி நின்ற மலையின் மடியில், வெள்ளிக் கொலுசென ஓடை —

வேண்டாம். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

காடு மூச்சுவிட்டது.

இது எனக்கே பிடித்திருந்தது. தேநீர் கொண்டுவந்த என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "விடாம என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

முதல் வாரம் முழுக்க அட்டைகள் கடித்தன.

இது லிஃப்ட்காரர் சொன்னது. காட்டுக்குப் போன அவர் மனைவி முதல் வாரம் போனில் பேசியது அட்டைகளைப் பற்றி மட்டுந்தானாம். கலை, அமைதி, தன்னைத் தேடுதல் எதுவும் இல்லை. அட்டை, அதற்குப் போடும் உப்பு, அரிப்பு. இதையே ஆரம்பமாக வைத்துக்கொள்வோம். உண்மையாக இருப்பதோடு சின்னதாகவும் இருக்கிறது.

3

லிஃப்ட்காரரின் மனைவி ஓவியர். ஒரு காலண்டர் கம்பெனிக்குப் பல வருடங்களாக இயற்கைக் காட்சி வரைந்து கொடுத்துவந்தவர். பின்னால் மலை, நடுவில் அருவி, வலது ஓரத்தில் இரண்டு மான். மான் இல்லாத காட்டைக் கம்பெனி வாங்காது. ஒரு மாதத்துக்கு மான் தண்ணீர் குடிக்கும். அடுத்த மாதம் திரும்பிப் பார்க்கும். ஏதாவது மருந்துக்கடையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் வரைந்தது என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஓவியர்களைக் காட்டுக்குள் ஒரு குடிலில் தங்கவைத்து வரையச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. யாரிடமும் மூச்சு விடாமல் அதற்கு விண்ணப்பித்தார், கிடைத்துவிட்டது. காட்டில் ஒரு பருவம், திரும்பி வந்ததும் நகரத்தில் ஒரு கண்காட்சி. வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய பெயர் போட்டு, அவருடைய படங்கள். தயங்கித் தயங்கித்தான் வீட்டில் சொன்னார். நீ போயிட்டு வா, நான் சமைத்துக்கொள்கிறேன் என்றார் லிஃப்ட்காரர். (அவர் சமையல் இந்தக் கதையில் பின்னால் வரும். நல்லவிதமாக அல்ல.)

குடிலுக்குக் கீழே ஓடை ஒன்று பாறைகளுக்கு நடுவே சற்றுத் தேங்கி ஒரு சின்னக் குளமாக நின்றது. ஓவியர் அதன் கரையில் பலகையை வைத்து வரைந்தார். வரைந்து முடித்துப் பார்த்தால் வலது ஓரத்தில் மான். அந்தக் காட்டில் அவர் கண்ணில் ஒரு மான் பட்டதில்லை. கை அதுபாட்டுக்குப் போட்டுவிடுகிறது. கிழித்துப் போட்டு மறுபடி வரைந்தார், மறுபடி மான். போனில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் மேல் ஏறி நின்று, "என் கையக் கழட்டி வீட்லயே வச்சிட்டு வந்திருக்கணுங்க" என்று கணவரிடம் அழுதார்.

அப்புறம் தூரிகையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் நான் கலக்க வேண்டும் என்று தெரிகிறது. கதையின் நெஞ்சே இதுதான். ஒரு மனுஷி நாள்கணக்கில் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கையிருப்பில் உள்ள அடைமொழிகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. ஓவியர் கணவரிடம் சொன்னதை, அவர் என்னிடம் சொன்னபடியே வைக்கிறேன். காலையில் குளம் கறுப்பாக இருக்கும். வெயில் மேட்டைத் தாண்டி இறங்கியதும் அடியிலுள்ள கூழாங்கற்கள் கரையோரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். நீரின் மேல் நடக்கும் பூச்சி சின்னது. அடியில் விழும் அதன் நிழல் பெரியது, காலுக்குக் கால் ஒரு வட்டம் வைத்தது. ஒரு நண்டு தினமும் அதே கல்லுக்கடியில் இருந்து எட்டிப் பார்க்கும். முதலில் இவரைக் கண்டு உள்ளே போனது, பிறகு போகவில்லை. மழை வருவதற்கு முன்னால் தூரத்து மரங்களில் சத்தம் கேட்கும், இங்கே ஓர் இலைகூட ஆடாது. "தண்ணி நீலமே இல்லைங்க. இத்தனை வருஷமா நான் பொய்யப் போட்டிருக்கேன்" என்றாராம் ஒருநாள். குரலில் வருத்தமே இல்லையாம்.

மறுபடி ஒருநாள் தூரிகையை எடுத்தார். குடிலிலிருந்து கொண்டுவந்த புட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. குனிந்து குளத்திலேயே மொண்டு வண்ணம் கரைத்தார். தாளில் வண்ணம் பரவிய விதமே வேறாக இருந்தது. ஓரங்களில் மெல்லிய வண்டல் படிந்து, கல்லின் மேல் ஈரம் காய்ந்தது போல நின்றது. வலது ஓரத்தைப் பார்த்தார். மான் இல்லை.

எல்லாம் இந்தத் தண்ணீர்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.*

* வேதியியல் படித்த வாசகர்கள் இந்த இடத்தில் பேனாவை எடுக்க வேண்டாம். உங்கள் சந்தேகம் நியாயமானது. கதையே அதைப் பற்றித்தான்.

4

பருவம் முடிந்து மனைவியைக் கூட்டிவர லிஃப்ட்காரர் போனார். பெரிய படம் ஒன்று பாக்கி. கடைசி நாட்களில் மழை பிடித்துக்கொண்டதால் கோடு மட்டும் இழுத்திருந்தார். மிச்சத்தை வீட்டில் முடிக்கக் குளத்துத் தண்ணீரை ஒரு கேன் நிறைய எடுத்துக்கொண்டார்கள். காட்டுப் பாதையிலும், அப்புறம் இரண்டு பஸ்ஸிலும் அதைத் தோளிலும் மடியிலுமாகச் சுமந்தது லிஃப்ட்காரர்தான். பக்கத்து இருக்கைக்காரர் என்ன தண்ணி என்று கேட்டதற்கு, மருந்து என்றாராம்.

கேன் சமையலறை மூலையில் இடம் பிடித்தது. யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்; ஆகவே "யாரும்" யார் என்பது அவருக்குப் புரிந்தது.

இனி அவர் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. லிஃப்ட் சத்தம் போட்ட பிறகு எண்ணெய் விடுபவன் லிஃப்ட்காரனே இல்லை என்பது அவர் கட்சி. கெடுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். குழாய் சொட்டுமுன் திருகாணியை இறுக்குவார். இறுக்கி இரண்டு குழாயை உடைத்தும் இருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் கண்ணில் ஒருநாள், கேனுக்குள் லேசாகப் பச்சை படர்வது பட்டது. உற்றுப் பார்த்தால் உள்ளே என்னவோ நெளிகிறது. ஓவியர் ஃபிரேம் கடைக்குப் போயிருந்தார். ஐயோ, தண்ணீர் கெட்டுப்போகிறதே, அவள் வந்து பார்த்தால் மனசு ஒடிந்துபோவாளே என்று இவருக்குப் பதறியது. பெரிய பாத்திரமாக ஒன்றை எடுத்தார். துணியால் வடிகட்டினார். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி அடுப்பில் ஏற்றினார்.

"கொதிக்க வச்சா கெடாதுல்ல சார்?" என்று என்னிடம் கேட்டார். கெடாது என்று ஒப்புக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

கொதி வரும் நேரத்துக்குப் போன் வந்தது. மூச்சு முட்டுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று யாரோ ஒருவர்.

(ஆம், வாசகரே. நான்தான்.)

தீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஓர் உயிர் விஷயம். கதவைத் திறந்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று கணக்கு. கணக்கு சரிதான். உள்ளிருந்து வந்த உயிர், குதித்தால் தப்பலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றதுதான் கணக்கில் இல்லாதது. அவர் வீடு திரும்பியபோது கதவிடுக்கில் புகை. உள்ளே பாத்திரம் சிவக்கக் காய்ந்து, அடி கரியாகி, காட்டில் அத்தனை நாள் ஒரு மனுஷி பார்த்துக்கொண்டிருந்த குளம் ஜன்னல் கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருந்தது.

ஆவி படிந்தது என் கற்பனை. மற்றதெல்லாம் நடந்தது.

5

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு.

இந்த இடத்தில் முதல் பிரதியில் ஓர் அருமையான காட்சி எழுதியிருந்தேன். பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கிறது, அதை அவர் கரண்டியால் சுரண்டிக் குழாய்த் தண்ணீரில் கரைக்கிறார், ஆக ஒரு துளி காடாவது மிஞ்சுகிறது என்று. வாசித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். அடி கருகிப்போச்சு சார், சுரண்டறதுக்கு ஒண்ணுமே இல்ல என்றார். அந்தப் பாத்திரத்தை எங்கள் குடியிருப்பின் இயந்திர அறையில் ஒளித்துவைத்திருக்கிறார். ஓவியர் இன்னும் அதை வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். கேனில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். பார்க்க ரொம்பச் சுத்தமாக இருந்தது. பூந்தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண் போட்டுக் கலக்கினார். கலங்கல் அதிகமாகிவிட்டது, பாதியைக் கொட்டி மறுபடி பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முன்பு கேனில் இலை ஒன்று மிதந்தது ஞாபகம் வந்து, கீழே இறங்கிப்போய்த் தெருமரத்தடியில் சருகு பொறுக்கினார். முதல் சருகு பெரிதாக இருந்தது என்று வேறொன்று. வாழ்நாளில் படமே வரையாத மனிதர், ஒரு குளத்தை அச்சு அசலாகப் போலி செய்ய ஒரு மாலை முழுக்கப் பாடுபட்டார்.

ஓவியர் வந்ததும் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தார். ஆனால் அவர் வந்த வேகத்தில் பலகையை எடுத்து உட்கார்ந்துவிட்டார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். தூரிகையை நனைத்தார். இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தீற்றல் தாளில் பரவி நின்றது. ஓவியர் அதையே பார்த்தார். பிறகு திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தீங்களா? இதான் அந்தத் தண்ணி" என்றார்.

இதற்கப்புறம் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

6

கண்காட்சியில் கூட்டம் அந்தப் பெரிய படத்தின் முன்னால்தான் நின்றது. வெயில் இறங்கும் நேரத்துக் குளம். கரையோரக் கற்கள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன, நடுவில் இன்னும் கறுப்பு. காட்டிலேயே போட்ட படங்களும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் இதன் பக்கத்தில் அவை பயிற்சி மாதிரி தெரிந்தன என்று கண்காட்சிக்கூடத்து அம்மாள் சொன்னார். படத்தின் கீழே ஓர் அட்டை: காட்டு ஓடை நீரில் தீட்டியது. பாராட்ட வந்தவர்களிடமெல்லாம் ஓவியர் அந்த அட்டையைக் காட்டி, இதை நான் போடவில்லை, அந்தத் தண்ணீர் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிய தட்டோடு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. பெருமையில் ஆடுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். பெருமையும் இருந்தது, அது வேறு.

அந்தக் கூடத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும், அந்தக் குளம் எங்கிருந்து வந்தது என்று. அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. குடிலின் காவலாளி போன் செய்து, சரிவு இடிந்து குளம் மண்ணுக்குள் போய்விட்டது, இனி அங்கே யாரையும் விடமாட்டார்கள் என்றார். கேனோ பெரிய படத்தோடு காலி. ஓவியர் ஒரு வாரம் பலகைப் பக்கமே போகவில்லை. பிறகு, அந்தத் தண்ணீர் தீர்ந்துபோச்சு, நானும் தீர்ந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, காலண்டர் கம்பெனிக்கு அவரே போன் போட்டார்.

லிஃப்ட்காரர் சொல்ல முயலாமல் இல்லை. மனைவி பக்கத்தில் போய் நிற்பார். வாயைத் திறப்பார். என்னங்க என்பார் ஓவியர். டீ வேணுமா என்பார் இவர். இப்படியே அந்த அம்மாள் ஒருநாளைக்குக் குடிக்கும் தேநீருக்கு அளவில்லாமல் போய்விட்டது.

என்னிடம் வந்த அன்று எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். அப்புறம்தான் சொன்னார்:

"அவ திரும்பவும் மான் போட ஆரம்பிச்சிட்டா சார்."

7

முடிவுகளுக்கு வருவோம். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: சொல்லிவிடுகிறார். ஓவியர் உறைந்துபோகிறார். பிறகு மெல்ல எழுந்து சமையலறைக்குப் போகிறார், குழாயைத் திறக்கிறார், விழும் தண்ணீரில் விரலை நீட்டி — போதும். எங்காவது ஒரு வயலின் ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது முடிவு: சொல்லவில்லை. இன்னொரு கேன் எடுத்து வைத்திருந்தேன், மறந்தேபோச்சு என்று ஒரு கேனை நீட்டுகிறார். அது தீர்ந்தால் இன்னொன்று. இப்படியே காலத்துக்கும் மண்ணும் சருகும் போட்டு மனைவியைக் காட்டில் வாழவைக்கிறார். சிரிப்பான முடிவு என்று நினைத்து எழுதினேன். படித்துக் காட்டியதும் அவர் திருதிருவென்று முழித்தார். பிறகு என்னை இயந்திர அறைக்குக் கூட்டிப்போனார். கருகிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேன் நிறைந்து நின்றது. சருகுகூட மிதந்தது.

ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"கொடுத்தா வரைவா சார். நிச்சயமா வரைவா. ஆனா கடைசி வரைக்கும் இந்தக் கேனத்தான் நம்புவா. அவ கைய அவ நம்பவே மாட்டா."

எனக்குத் தொண்டையை அடைத்தது. இந்தத் தடவை கூட்டிச் சொல்லவில்லை.

மூன்றாவது முடிவு: ஓவியருக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரியாதது போல இருந்தார். உங்களில் பாதிப் பேர் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். மனைவிமார்களுக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டார்கள் என்று எழுதி எழுதியே எங்களில் பலர் காலத்தை ஓட்டிவிட்டோம். கணவன்மாருக்கு அதைவிடச் சௌகரியமான முடிவு கிடையாது. ஆனால் இந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மான் போட மாட்டார்.

8

நான்காவது ஒன்று இருக்கிறது. அதை யோசித்தது நான் இல்லை, அவர். "அவ நீங்க எழுதறத விடாம படிப்பா சார். நீங்க எழுதிடுங்க. எனக்கு வாயால வராது."

ஆளைப் பாருங்கள். செய்ததை எல்லாம் செய்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். முடியாது, உங்கள் வீட்டு விவகாரத்தை நீங்களே பேசுங்கள் என்று கறாராகச் சொன்னேன். அவர் லிஃப்டில் அந்த ஆபத்து மணியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். வேண்டுமென்றே செய்தாரா, தெரியவில்லை. நான் சரி என்றேன்.

ஆனாலும் பயந்தேன். ஒரு பிரதியில் லிஃப்ட்காரரைப் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவராக மாற்றினேன், ஓவியரைப் பாடகியாக்கினேன், குளம் ஒரு பறவையாயிற்று. நன்றாகத்தான் வந்தது. யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது, எவர் வீட்டிலும் சண்டை வராது, யாரும் மறுபடி தூரிகையை எடுக்கவும் மாட்டார்கள். அதைக் கிழித்துப் போட்டேன். லிஃப்டை லிஃப்டாகவே விட்டிருக்கிறேன். மானை மானாகவே.

9

இதுவரை வாசகரே வாசகரே என்று பொதுவாகக் கூப்பிட்டுவந்தேன். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், இனிமேல் ஒருவரோடு மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

மேடம், இது உங்கள் வீடுதான் என்று எந்த வரியில் கண்டுபிடித்தீர்களோ தெரியாது. அட்டைகள் கடித்த வரியிலேயே பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீர் போனதற்கு அவர் பாதி, நான் பாதி. என் பாதியை நேரில் வந்து சொல்ல எனக்கும் துணிவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

அந்தக் குளம் போனது போனதுதான். அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன், நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். ஆனால் ஜனம் நின்று பார்த்ததே, அந்தப் பெரிய படம், அது காட்டுத் தண்ணீரில் போட்டதில்லை. உங்கள் சமையலறைக் குழாயில் பிடித்தது. அதில் கல் தெரிந்ததும், வெயில் இறங்கியதும், வலது ஓரம் வெறுமையாக இருந்ததும் தண்ணீர் செய்த வேலை இல்லை. நீங்கள் அத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தீர்கள், மேடம். பார்த்தது உங்களிடம்தான் இருக்கிறது.

கோபப்படுவீர்களா, வரைவீர்களா, இரண்டும் செய்வீர்களா, எது முதலில் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் தப்பாகத்தான் எழுதுவேன். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். இந்தக் கதை இன்றைக்கு வெளிவருகிறது என்று அவருக்குத் தெரியும். ஆகவே வேலைக்குப் போகாமல், நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று எட்டிப் பார்க்கவும் பயந்துகொண்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார்.

அவரைக் கூப்பிடுங்கள். திட்டுவதற்காகவாவது கூப்பிடுங்கள்.